விளம்பரம் எந்த வழியாக வருகிறது? தொல்லையை அடைக்க ஒரு வழிகாட்டி

“போன்ல வைரஸ் வந்திருக்குப்பா, அரை மணிக்கு ஒருதரம் அதுவே சொல்லுது” என்று அப்பா தன் போனை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை, அதன் கீழே ‘உடனே சுத்தம் செய்க’ என்று ஒரு பொத்தான். வைரஸ் எதுவும் இல்லை. எப்போதோ ஏதோ ஒரு தளத்தில் ‘அனுமதி’ என்பதை அழுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து அந்தத் தளம் அவருக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அனுமதியை எடுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குள் பயந்துபோய் மூன்று ‘கிளீனர்’ ஆப்களை இறக்கி வைத்திருந்தார். அந்த மூன்றும் ஆளுக்கொரு பக்கம் விளம்பரம் காட்டிக்கொண்டிருந்தன. அவற்றைத் தேடிப் பிடித்து நீக்கத்தான் ஒரு மாலைப்பொழுது போனது.

புதிதாக மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் செய்வது இதைத்தான். எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலேயே, அடைப்பதற்கு ஓர் ஆப்பைத் தேடுவார்கள். விளம்பரம் ஏதாவது ஒரு வழியாகத்தான் உள்ளே வர முடியும். அந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டால் புதிதாக எதையும் போட வேண்டிய அவசியம் அநேகமாக வராது. நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்ட அனுமதியைத் திரும்ப வாங்கினால் போதும்.

தொடங்குமுன் இன்னொன்று. எரிச்சலூட்டும் விளம்பரம் வேறு, ஏமாற்றும் விளம்பரம் வேறு. முதல் வகையைச் செட்டிங்ஸில் அடக்கலாம். இரண்டாவது வகை சத்தமே போடாது. சாதுவாக, அழகாக வரும். அதற்குச் செட்டிங்ஸ் அவ்வளவாக உதவாது. அதனால் முதல் ஐந்து படிகள் தொல்லைக்கு, மீதி ஏமாற்றுக்கு.

படி 1: ஒருநாள் சும்மா கவனியுங்கள்

எதையும் மாற்றாதீர்கள். விளம்பரம் வரும்போது எங்கே வருகிறது என்று மட்டும் பாருங்கள். திரையின் மேலிருந்து எட்டிப் பார்க்கிறதா? எந்த ஆப்பும் திறக்காதபோதே முழுத் திரையையும் மறைக்கிறதா? பிரவுசரில் ஏதாவது படிக்கும்போது வருகிறதா, ஒரு குறிப்பிட்ட ஆப்புக்குள் மட்டும் வருகிறதா, மின்னஞ்சலில் வருகிறதா? முடிந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அடுத்த படிகளில் உங்களுக்கு எது தேவை என்பதை அந்தப் படங்களே சொல்லிவிடும்.

படி 2: நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள்

ஆண்ட்ராய்டு போனில் இதுதான் முதல் சந்தேக நபர். தளங்கள் இந்த அனுமதியை நேர்மையாகக் கேட்பதில்லை. ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அனுமதி என்பதை அழுத்தவும்’, ‘வீடியோ பார்க்க அனுமதி என்பதை அழுத்தவும்’ என்று கேட்கும். நிஜமான ரோபோ சோதனை எதுவும் பிரவுசரின் அனுமதிப் பெட்டியை அழுத்தச் சொல்லாது. இந்த ஒரு விஷயத்தை வீட்டில் இருக்கிறவர்களிடம் சொல்லி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

தொல்லை தரும் நோட்டிஃபிகேஷன் வந்ததும் அதைத் தள்ளிவிடாமல், அதன்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். எந்த ஆப் அனுப்பியது என்று காட்டும். அது பிரவுசர் என்றால், அனுப்பிய தளத்தின் பெயரும் அங்கேயே இருக்கும். பிறகு பிரவுசரின் செட்டிங்ஸுக்குள் போய், தள அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறங்கள். அனுமதி பெற்ற தளங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். தெரியாத பெயர் எதுவும் அங்கே இருக்க வேண்டாம். நான் பார்த்தவரை, அந்தப் பட்டியலைப் பார்த்ததும் ‘இதையெல்லாம் நான் எப்போ அழுத்தினேன்?’ என்று கேட்காதவர் இல்லை. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, தளங்கள் அனுமதி கேட்பதையே மேலே உள்ள ஸ்விட்சில் அணைத்துவிடலாம். ஒரு செய்தித்தளத்தின் அறிவிப்பு வராமல் போவதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

ஐபோனில் கதை கொஞ்சம் மாறும். ஒரு தளத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்த்துக்கொண்டால் ஒழிய அது நோட்டிஃபிகேஷன் அனுப்ப முடியாது. அதனால் அங்கே இதே ‘வைரஸ்’ எச்சரிக்கை காலண்டர் வழியாக வரும். தெரியாமல் ஒரு காலண்டருக்குச் சந்தா சேர்ந்திருப்பீர்கள். அது தினமும் பத்து ‘நிகழ்வுகளை’ நினைவூட்டும். ஒவ்வொரு நிகழ்வாக அழித்துப் பயனில்லை. காலண்டர் ஆப்பில் காலண்டர்களின் பட்டியலைத் திறந்து, அறிமுகமில்லாத அந்தக் காலண்டரையே நீக்க வேண்டும்.

படி 3: திரையை மறைக்கும் விளம்பரத்தின் சொந்தக்காரனைப் பிடியுங்கள்

நீங்கள் எதையும் திறக்கவில்லை. போனை எடுத்தவுடன் முழுத் திரை விளம்பரம். இது எந்தத் தளத்தின் வேலையும் இல்லை. உள்ளே இருக்கும் ஓர் ஆப்பின் வேலை. டார்ச், கியூஆர் ஸ்கேனர், வால்பேப்பர், கிளீனர் என்று எதற்கோ ஒருநாள் இறக்கி மறந்துபோன சின்ன ஆப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். சில ஆப்கள் தங்கள் ஐகானையே மறைத்துக்கொள்ளும், அல்லது பெயரில்லாத வெற்று ஐகானாக இருக்கும்.

விளம்பரம் திரையில் இருக்கும்போதே, அதை மூடாமல், சமீபத்தில் திறந்த ஆப்களைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். விளம்பரத்தைக் காட்டும் ஆப்பின் ஐகான் மேலே தெரியும். அதை அழுத்திப் பிடித்து ‘ஆப் விவரம்’ பக்கத்துக்குப் போய் நீக்கிவிடுங்கள். நீக்கும் பொத்தான் மங்கலாகவே இருந்தால், அந்த ஆப் சாதன நிர்வாகி உரிமை (போனின் பாதுகாப்பு அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் அனுமதி) வாங்கியிருக்கலாம். செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் அந்த உரிமையை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

இதில் பிடிபடவில்லையென்றால் செட்டிங்ஸில் ‘மற்ற ஆப்களின் மேல் காட்டும்’ அனுமதிப் பட்டியலைப் பாருங்கள். வரைபடம், அழைப்பு மாதிரி நியாயமான சில ஆப்கள் அங்கே இருக்கும். டார்ச்சுக்கு அங்கே என்ன வேலை?

படி 4: பிரவுசரில் ஆட் பிளாக்கர்

இணையத்தின் முதல் பேனர் விளம்பரங்கள் 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளத்தில் வந்தன. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பட்டை அவற்றில் ஒன்று. இன்னொரு ஜன்னலைத் திறந்துகொண்டு வரும் பாப்-அப் விளம்பரம் சில ஆண்டுகள் கழித்து, டிரைபாட் என்ற தளத்தில் வேலை பார்த்த ஈதன் சக்கர்மன் எழுதிய நிரலில் இருந்து வந்தது. 2014-ல் அவரே ஒரு கட்டுரையில் மன்னிப்புக் கேட்டார். நோக்கம் நல்லதாகத்தான் இருந்தது என்றும் சொன்னார். மன்னித்துவிடலாம். ஆனால் கதவு திறந்தது திறந்ததுதான்.

தடுக்கும் கருவிகளில் நான் புதியவர்களுக்குச் சொல்வது யூபிளாக் ஆரிஜின். இலவசம், திறந்த மூலம் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்), விளம்பர நிறுவனங்களிடம் காசு வாங்கிக்கொண்டு யாரையும் உள்ளே விடுவதில்லை. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. பிரபலமான ஆட்பிளாக் பிளஸ் 2011-ல் ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன் நிபந்தனைகளுக்குள் வரும் விளம்பரங்கள் தானாகவே அனுமதிக்கப்படும். பெரிய நிறுவனங்கள் இதற்குக் கட்டணமும் கொடுக்கின்றன. வேண்டாமென்றால் செட்டிங்ஸில் அணைக்கலாம். ஆனால் அப்படி ஒன்று இருப்பது தெரிந்தால்தானே அணைக்க முடியும்.

குரோம் பிரவுசர் தன் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் குட்டி மென்பொருள்) விதிகளை மாற்றிவிட்டதால் முழு யூபிளாக் ஆரிஜின் இப்போது அதில் வேலை செய்யாது. அதன் ‘லைட்’ வடிவம்தான் கிடைக்கும். சாதாரண உபயோகத்துக்கு அதுவே போதும். முழுமையாக வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறலாம். அதன் ஆண்ட்ராய்டு வடிவத்திலும் எக்ஸ்டென்ஷன் போட முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஐபோனின் சஃபாரியில் 2015 முதலே தடுப்பு ஆப்களுக்கு இடம் உண்டு.

இறக்கும்போது பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 2017-ல் ஆட்பிளாக் பிளஸ் என்ற பெயரிலேயே ஒரு போலி எக்ஸ்டென்ஷன் குரோமின் அதிகாரபூர்வக் கடைக்குள் நுழைந்தது. நீக்கப்படுவதற்குள் 37,000 பேர் அதைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தேடலில் மேலே வருவதை அழுத்தாமல், கருவியை உருவாக்கியவரின் சொந்தப் பக்கத்திலிருந்து கடைக்குப் போவது பத்திரம்.

பிரவுசர் எக்ஸ்டென்ஷன் மற்ற ஆப்களுக்குள் எட்டாது. அங்கே உதவுவது டிஎன்எஸ். ஒரு தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தரும் தொலைபேசிப் புத்தகம் என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். விளம்பர சர்வர்களின் பெயரைக் கேட்டால் ‘அப்படி யாரும் இல்லை’ என்று சொல்லும் புத்தகத்தை ஆட்கார்டு போன்றவர்கள் இலவசமாகத் தருகிறார்கள். ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய வடிவம் உள்ள போன்களில், நெட்வொர்க் செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற இடத்தில் அவர்கள் தரும் பெயரை எழுதினால் போதும், ஆப் எதுவும் தேவையில்லை. ஆனால் யூடியூப் மாதிரி, வீடியோவும் விளம்பரமும் ஒரே இடத்திலிருந்து வரும் ஆப்களில் இது செல்லாது. எப்போதாவது ஏதாவது ஒரு தளம் திறக்காமல் அடம்பிடித்தால் இதைத் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள்.

நான் விரும்பிப் படிக்கும் சில தளங்களுக்கு மட்டும் தடுப்பை எடுத்து வைத்திருக்கிறேன். ஓரமாக, அசையாமல், சத்தமில்லாமல் நிற்கும் விளம்பரத்தோடு எனக்குச் சண்டை இல்லை. எழுதுகிறவர்களுக்கும் சம்பளம் வேண்டுமே.

படி 5: பின்தொடர்வதை நிறுத்துங்கள்

ஒரு செருப்பை ஒருமுறை பார்த்தீர்கள். அது ஒரு மாதம் போகிற இடமெல்லாம் கூடவே வருகிறது. ஆப்களில் இதற்கு உதவுவது உங்கள் போனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விளம்பர அடையாள எண். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸின் பிரைவசி பகுதியில், விளம்பரங்கள் என்ற இடத்தில் அந்த எண்ணை நீக்கலாம். ஐபோனில் பிரைவசிக்குள் ‘டிராக்கிங்’ என்ற இடத்தில், ஆப்கள் அனுமதி கேட்பதையே நிறுத்தலாம். 2021-ல் வந்த வசதி இது. பிரவுசரில் குக்கீ (உங்களை அடையாளம் காண தளங்கள் போட்டுவைக்கும் குறிப்பு) பெட்டி வந்தால் ‘எல்லாவற்றையும் நிராகரி’ எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி அழுத்துங்கள்.

இதனால் விளம்பரங்களின் எண்ணிக்கை குறையாது. உங்களைக் குறிவைத்து வருவதுதான் குறையும். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

டிவியையும் மறக்க வேண்டாம். பல ஸ்மார்ட் டிவிகள் திரையில் ஓடுவது என்ன என்று அடையாளம் கண்டு தகவல் சேர்க்கின்றன. சொல்லாமலே இதைச் செய்ததற்காக விஜியோ என்ற டிவி நிறுவனம் 2017-ல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்ட வேண்டிவந்தது. டிவியின் பிரைவசி செட்டிங்ஸில் ‘பார்க்கும் தகவல்’ என்ற மாதிரி பெயரில் இருப்பதை அணையுங்கள்.

மின்னஞ்சலுக்கு ஒரே விதிதான். நீங்களே என்றோ வாங்கிய, தெரிந்த நிறுவனம் என்றால் ‘அன்சப்ஸ்கிரைப்’ அழுத்துங்கள். 2024 முதல் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு ஒரே அழுத்தில் விலகும் வசதியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. யாரென்றே தெரியாதது என்றால் எதையும் அழுத்தாமல் ஸ்பேமில் போடுங்கள். அங்கே அழுத்தினால் ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறது’ என்று நாமே சொன்னது போல ஆகிவிடும்.

படி 6: ஏமாற்றும் விளம்பரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இனி கஷ்டமான பகுதி.

முதலில் சின்ன எழுத்து. ‘70 சதவீதம் வரை தள்ளுபடி’ என்பதில் 70 எவ்வளவு பெரிதாக இருக்கிறது, ‘வரை’ எவ்வளவு சிறிதாக இருக்கிறது என்று பாருங்கள். விளம்பரத்தின் உண்மை முழுக்க அந்த இரண்டெழுத்தில்தான் இருக்கிறது. விலைக்குப் பின்னால் வரும் ‘முதல்’, ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’, நட்சத்திரக் குறி எல்லாம் அதே குடும்பம்தான். ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: விளம்பரத்தில் மிகச் சிறிய எழுத்தை முதலில் படிப்பது.

அடுத்து, சும்மா புகழ்வதையும் உறுதி கொடுப்பதையும் பிரித்துப் பாருங்கள். ‘உலகின் மிகச் சிறந்த சோப்பு’ என்பது வாய்ப்பேச்சு. ‘30 நாளில் பலன் இல்லையென்றால் பணம் வாபஸ்’ என்பது உறுதிமொழி, அதைப் பிடித்துக்கொண்டு கேட்கலாம். இங்கிலாந்தில் 1891-ல் கார்பாலிக் ஸ்மோக் பால் என்ற மருந்துக் கருவியைப் பயன்படுத்திய பிறகும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக அதன் நிறுவனம் விளம்பரம் செய்தது. அதற்காக வங்கியில் 1,000 பவுண்டு போட்டுவைத்திருப்பதாகவும் சொன்னது. கார்லில் என்ற பெண் சொன்னபடி பயன்படுத்தினார், காய்ச்சலும் வந்தது. பணம் கேட்டபோது, அது வெறும் விளம்பரப் பேச்சு என்றது நிறுவனம். 1892-ல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வங்கியில் பணம் போட்டதாகச் சொன்னவன் விளையாட்டுக்குப் பேசவில்லை என்று சொல்லி 100 பவுண்டைக் கொடுக்க வைத்தது. எண், காலக்கெடு, பணம் என்று திட்டவட்டமாக ஒரு விளம்பரம் பேசினால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளை அந்தப் பக்கம் இருக்காது.

பிறகு அவசரம். ‘சலுகை முடிய 09:58 நிமிடம்’ என்று கடிகாரம் ஓடினால் பக்கத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறங்கள். பல நேரம் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து ஓடும். இப்படி நம்மைத் தள்ளிவிடும் வடிவமைப்புகளுக்கு ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010-ல் ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் வைத்தார். இப்போது ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தியாவிலும் இவற்றுக்கு எதிரான விதிகளே இருக்கின்றன. இந்தியா 2023-ல் வெளியிட்ட பட்டியலில் 13 வகை உண்டு. பொய் அவசரம், கேட்காமலே கூடையில் சேரும் பொருள், கடைசிப் பக்கத்தில் முளைக்கும் கட்டணம் எல்லாம் அதில் அடக்கம். ‘வேண்டாம், எனக்குப் பணத்தைச் சேமிக்க விருப்பமில்லை’ என்று மறுப்பையே அவமானமாக எழுதி வைப்பதும் ஒரு வகை. அந்தப் பொத்தானைத் தயங்காமல் அழுத்துங்கள். பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை.

தேடல் முடிவுகளில் மேலே ‘ஸ்பான்சர்டு’ என்று இருப்பது காசு கொடுத்து வாங்கிய இடம். பெயர் பெற்ற நிறுவனங்களைப் போலவே தோன்றும் போலித் தளங்கள் இந்த இடத்தை வாங்குகின்றன என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் எச்சரித்தது. ஆட் பிளாக்கர் பயன்படுத்துங்கள் என்றும் அதிலேயே சொன்னது. வங்கி, கஸ்டமர் கேர் எண், மென்பொருள் டவுன்லோடு, இந்த மூன்றுக்கும் விளம்பர முடிவை ஒருபோதும் அழுத்தாதீர்கள். டவுன்லோடு பக்கத்தில் நான்கு பச்சைப் பொத்தான்கள் இருந்தால் மிகப் பெரியது பெரும்பாலும் பொய்.

படி 7: ‘இலவச’ சந்தாவைக் கையாளுவது

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். போட்டோ திருத்தும் ஆப் ஒன்று, ஏழு நாள் இலவசம். பிடிக்கவில்லை, இரண்டாம் நாளே ஆப்பை நீக்கிவிட்டேன். ஐந்து மாதம் கழித்து கார்டு கணக்கைப் பார்த்தால், மாதாமாதம் பணம் போயிருக்கிறது. ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. இரண்டும் வேறு வேறு.

இப்போது நான் செய்வது: இலவசக் காலத்தில் சேர்ந்த அன்றே ரத்து செய்துவிடுவேன். ரத்து செய்தாலும் பல ஆப்களில் அந்த ஏழு நாள் முடியும்வரை பயன்படுத்தலாம். எப்போது நிற்கும் என்பதை ரத்துப் பக்கமே சொல்லும். முடியாத இடத்தில் ஒருநாள் முன்னதாக அலாரம். போனில் வாங்கிய சந்தாக்கள் பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் உங்கள் கணக்குக்குள் ‘சப்ஸ்கிரிப்ஷன்’ என்ற பட்டியலில் இருக்கும். நேரடியாகத் தளத்தில் கார்டு கொடுத்துச் சேர்ந்தவை அங்கே தெரியாது. அதற்குக் கார்டு கணக்கைத்தான் வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

சேர ஒரு அழுத்து, விலகப் பத்து அழுத்து என்பது தற்செயல் இல்லை. அமேசான் பிரைமிலிருந்து விலகும் முறைக்கு அந்த நிறுவனத்துக்குள்ளேயே ‘இலியட்’ என்று பெயர் இருந்ததாக அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்டிசி 2023-ல் தொடுத்த வழக்கில் சொன்னது. கிரேக்கக் கவிஞர் ஹோமரின் நீண்ட காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில் அந்த வழக்கு 250 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திரும்பத் தருவதற்கு. ஆகவே விலக வழி தெரியாமல் திண்டாடினால் உங்கள் அறிவைச் சந்தேகப்படாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மங்கலாக, சின்னதாக இருக்கும் பொத்தானைத் தேடுங்கள். கடைசியில் ரத்து உறுதியான மின்னஞ்சல் வந்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும்.

படி 8: பணம் போய்விட்டது, அப்புறம்?

ஆதாரம் முதலில். விளம்பரம், விலைப் பக்கம், பணம் கட்டிய ரசீது, நடந்த பேச்சு எல்லாவற்றையும் தேதி தெரியும்படி ஒரே இடத்தில் சேருங்கள். அப்புறம் நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள், போனில் வேண்டாம். ‘விளம்பரத்தில் இப்படிச் சொன்னீர்கள், கிடைத்தது இது, இன்ன தேதிக்குள் பணம் வேண்டும்’ என்று நான்கு வரி போதும். கோபத்தை அதில் சேர்க்காதீர்கள். படிப்பவருக்கு உங்கள் கணக்கு எண்தான் வேண்டும்.

பதில் இல்லையென்றால், கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் அந்தப் பரிமாற்றத்தை மறுத்து விண்ணப்பிக்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போட வேண்டாம். விளம்பரம் வந்த இடத்திலும் புகார் செய்யுங்கள்: ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தினால் ‘ஏன் இந்த விளம்பரம்’, ‘புகார் செய்’ இரண்டும் இருக்கும். கூகுளும் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவும் தங்கள் தளங்களில் ஓடும் விளம்பரங்களைத் தேடிப் பார்க்கும் பொதுப் பட்டியல் வைத்திருக்கின்றன. விளம்பரம் கொடுத்தவரின் பெயரை அங்கே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் நாட்டின் நுகர்வோர் அமைப்பு. விளம்பரத் துறையே நடத்தும் கண்காணிப்பு அமைப்புகளும் பல நாடுகளில் உண்டு. பிரிட்டனில் ஏஎஸ்ஏ 1962 முதலும், இந்தியாவில் ஏஎஸ்சிஐ 1985 முதலும் இயங்குகின்றன. இவை முக்கியமாக விளம்பரத்தை நிறுத்த அல்லது திருத்த வைக்கும், உங்கள் பணத்தை வாங்கித் தராது. பணத்துக்கு நுகர்வோர் மன்றம் மாதிரியான இடம்தான் வழி. எங்கே எதைக் கேட்பது என்று தெரிந்தால் அலைச்சல் மிச்சம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டிஃபிகேஷன் பட்டியலையும் சந்தாப் பட்டியலையும் திறந்து பாருங்கள். போன வாரம் அப்பாவின் போனில் பார்த்தேன். கிளீனர் ஆப் எதுவும் இல்லை. ஆனால் நோட்டிஃபிகேஷன் பட்டியலில் இரண்டு தளங்கள் புதிதாக உட்கார்ந்திருந்தன. “ரோபோவான்னு கேட்டுச்சுப்பா” என்றார்.